கம்பியில்லா இணைப்பு: வழக்கு வந்தால் யார் தலையில்?

மும்பையில் வாழும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் ரேஷன் கார்டு இல்லாத வீடு இன்னும் இருக்கிறது. இண்டர்நெட் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பத்துக்குப் பன்னிரண்டடிக் கோலியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மின்னும் ஒரு சிறு பெட்டி தொங்குகிறது. பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் பணம் அனுப்புவது, வேலைக்கு மனுப் போடுவது எல்லாம் அதன் வழியாகத்தான். அந்தப் பெட்டியைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது.

2008 ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீசார் நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. மின்னஞ்சலை அவர் அனுப்பவில்லை. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பு. செப்டம்பரில், டில்லி குண்டுவெடிப்பின்போது, செம்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு. மாட்டுங்காவும் செம்பூரும் யார் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் இடங்கள் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அமெரிக்கருக்குப் பின்னால் ஒரு தூதரகம் இருந்தது. அப்படியும் அவர் விசாரணைக்குத் தப்பவில்லை. நம் வீட்டுப் பையனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? சந்தேகம் என்று வந்தால் அது வேற்று மாநிலத்தான் வீட்டு வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் வரை நாள் கூலியும் போகும், வேலையும் போகும்.

இது எப்படி நேர்கிறது? வீட்டில் எத்தனை போன் இருந்தாலும், வெளியுலகத்துக்கு எல்லாம் ஒரே இணைப்பாகத்தான் தெரியும். அந்த இணைப்பு யார் பெயரில் என்பது கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. வைஃபை என்பது வானொலி அலை. நம் சாலில் ஒற்றைச் செங்கல் தடுப்புச் சுவர் அதற்கு ஒரு தடையா?

சென்ற மாதம் நமது உறுப்பினர் ஒருவர், இண்டர்நெட் மெதுவாக வருகிறது என்று ஆறு மாதமாகக் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ரூட்டரைத் திறந்து பார்த்தோம். வீட்டில் இருந்தவை நான்கு போன்கள். ரூட்டரில் தொங்கியவை பதினொன்று. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், அவருடைய மொபைல் நம்பர்! அது தெருவுக்கே தெரியும்.

“பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் தவறா? நம் ஏழை வீட்டில் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள். பகிர்ந்து வாழ்வதால்தான் நாம் இந்த நகரத்தில் காலூன்றினோம். அதை விடச் சொல்லவில்லை. ரயில்வே கவுண்டரில் உட்காரும் நாங்கள் டீ குடிக்க எழுந்தாலும் காசுப் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் எழுவோம். பக்கத்துச் சீட்டுத் தோழர் திருடர் என்பதாலா? கணக்கு நம் பெயரில் இருக்கிறது. குறைந்தால் நம் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்பதால். இணைப்பும் அப்படியே.

செய்ய வேண்டியவை சில. ரூட்டருக்குப் பாஸ்வேர்டு இரண்டு. ஒன்று வைஃபையில் சேர. மற்றொன்று ரூட்டரின் அமைப்புகளை மாற்ற. இந்த இரண்டாவது, பெரும்பாலும் கம்பெனி போட்டபடியே கிடக்கிறது. 2016-இல் ‘மிராய்’ என்ற நாசவேலை நிரல், இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே உலகெங்கும் லட்சக்கணக்கான ரூட்டர்களையும் காமிராக்களையும் கைப்பற்றியது. இரண்டையும் மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

பூட்டின் வகையில் டபிள்யூ.பி.ஏ.-2 அல்லது 3 இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டின் ஓட்டை 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகச் சோதிப்பதால், அதிகம் போனால் 11,000 முயற்சியில் அது திறந்துவிடும் என்று 2011-இல் தெரியவந்தது. ரூட்டர் நிறுவனம் தரும் புதுப்பிப்புகளைத் தவறாமல் போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ‘கெஸ்ட்’ இணைப்பு என்று தனியாக ஒன்றைத் திறந்து கொடுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

கம்பி வழி இன்னும் பத்திரம். சங்க அலுவலகக் கணிப்பொறியில் உறுப்பினர் பதிவேடும் ஆதார் நகல்களும் இருக்கின்றன. அதை லான் கம்பியில் மட்டும் இணைத்து, அந்த ரூட்டரின் வைஃபையை அடியோடு அணைத்துவிட்டோம். சாதாரண லான் கம்பி நூறு மீட்டர் வரை போகும். தெருவில் நிற்பவன் அதில் நுழைய முதலில் வீட்டுக்குள் வர வேண்டும். ஆனால் கம்பி போட்டாலும் ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றாமல் விடக்கூடாது; இண்டர்நெட் வழியாக வருபவனுக்குக் கம்பியும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். போனை மட்டும் நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கம்பி உதவாது. அவர்கள் வைஃபையை நன்றாகப் பூட்டினால் போதும்.

குறை முழுவதும் நம்முடையது என்று ஏற்க நாம் தயாரில்லை. மாதா மாதம் பணம் வாங்கும் கேபிள்காரர், பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். “ரூட்டர் பாஸ்வேர்டை எங்களுக்குத் தர மாட்டோம்” என்பவர்களும் உண்டு. வழக்கு வந்தால் பெயர் நம்முடையது. சாவி மட்டும் அவரிடமா? இணைப்புக் கொடுக்கும் அன்றே சாவியைக் கையில் கொடுத்து, புரிகிற மொழியில் விளக்கிவிட்டுப் போகவேண்டும் என்று சாலுக்குச் சால் ஒன்றுகூடிக் கேட்போம். தனியாகக் கேட்டால் அலட்சியம் செய்வார்கள். நாற்பது வீடு சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

சங்கத்தின் இளைஞர்களே! ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் போதும். தாய்மார்களே! அவர்கள் வரும்போது பெட்டியைக் காட்டுங்கள். புதிய பாஸ்வேர்டை நோட்டில் எழுதி டிரங்குப் பெட்டியில் வையுங்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.