கார்புரேட்டரைக் குறைசொல்லும் முன்…

பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் காரின் எஞ்சின் திணறினால், பலரும் உடனே கார்புரேட்டரைத் திருகத் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பேன்.

மாணவர்களே, கையில் கிருமிநாசினி தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதுவே நடக்கிறது. கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் உள்ளிழுப்புக் குழாய் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அதன்மேல் பனிக்கட்டிகூடப் படியும். ஆவியாகாத பெட்ரோல் குழாயின் உட்சுவரில் துளிகளாகத் தங்க, எஞ்சின் திணறுகிறது.

நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினில் அந்தச் சுடுநீரைக் கொண்டே இக்குழாயைச் சூடாக்கலாம். பீட்டல் எஞ்சினைக் குளிரூட்டுவதோ காற்று. அதனால், உள்ளிழுப்புக் குழாயை ஒட்டிய ஒரு சிறு குழாய் வழியே சூடான புகை செலுத்தப்படுகிறது. நாளடைவில் கரி படிந்து அது அடைத்துக்கொண்டால் வெப்பம் கிடைக்காது.

எஞ்சின் நன்கு சூடான பிறகு, தொடாமல் கையை அருகே கொண்டுசென்றாலே உண்மை தெரியும். சூடு இல்லையெனில், குழாயைக் கழற்றி, கம்பியால் கரியை அகற்ற வேண்டும். கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டுவது நோயை மறைப்பதே. எரிபொருள் வீணாகும், புகையும் பெருகும்.

எந்த இயந்திரமானாலும், பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள். அறிவியல் பாடம் தேர்வுக்கு மட்டுமல்ல.