தையலோடு தீருமா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "படியில் வழுக்கி விழுந்தேன்" என்கிறாள்; கூட நிற்கும் கணவனும் ஆமென்கிறான். தையல் போட்டு அவனோடே அனுப்பிவிட்டால் வைத்தியம் முடிந்ததாகுமா?

இல்லையென்று கண்டுதான் 2000-ஆம் ஆண்டில் மும்பை பாந்திராவில் பாபா ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'திலாசா' என்னும் நிலையத்தைத் தொடங்கினார்கள். திலாசா என்றால் ஆறுதல். வெறும் ஆறுதலோடு நிற்கவில்லை. டாக்டரும் நர்ஸும் காயத்தின் காரணத்தைத் தனியே விசாரிக்கப் பழகினார்கள்; மறுபடி அடிபடாதிருக்க வழி யோசிக்கவும், போலீஸ், கோர்ட்டு விஷயங்களில் உதவவும் அங்கேயே ஆள் வைத்தார்கள். அது பணக்காரர் ஆஸ்பத்திரியன்று, முனிஸிபல் ஆஸ்பத்திரி!

தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181 என்ற டெலிபோன் உதவி உண்டு. கணவன் பக்கத்திலிருக்க யார் அதைச் சுழற்றுவது? அவனை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, "யாரம்மா அடித்தது?" என்று கேட்கும் நர்ஸ் ஒருவர் வேலூர், ஆம்பூர் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் வேண்டுமென்கிறோம் நாம்.