யாரும் துரத்தாத ஓட்டம்

தமிழில் 'ஓடுதல்' என்ற வினைக்கு, மனிதனைப் பொறுத்தமட்டில், நல்ல பெயர் கிடையாது. கடன்பட்டவன் ஊரைவிட்டு ஓடுகிறான். கோழை களத்தைவிட்டு ஓடுகிறான். வீடு தங்காத பெண்ணுக்கு 'ஓடுகாலி' என்று பெயர். தலைவனோடு ஊரெல்லை கடந்த தலைவியின் செயலைச் சங்க மரபு 'உடன்போக்கு' என்று மதிப்போடு குறித்தது. அதையே இன்றைய தெரு 'ஓடிப்போய்விட்டாள்' என்கிறது. தேரோட்டம், நீரோட்டம், எண்ணவோட்டம் என்று பிறவற்றின் ஓட்டத்தையெல்லாம் ரசிக்கிற மொழி, மனிதன் ஓடும்போது மட்டும் ஐயுறுகிறது. நடையின் கதை வேறு. பாணரும் கூத்தரும் வள்ளல்களை நோக்கிச் சென்ற ஆற்றுப்படைகள் நடப்பவர்களின் இலக்கியம். எழுத்தின் பாங்கை 'நடை' என்றும் ஒழுக்கத்தின் பாங்கை 'நடத்தை' என்றும் சொல்லி நடைக்குப் பெருமை சேர்த்திருக்கிறோம். எங்கள் கரிசல் இலக்கியத்திலும் ஓட்டம் என்றால் பெரும்பாலும் தப்பியோடுதல்தான். பூமணியின் 'வெக்கை'யில் (1982) கொலை செய்துவிட்ட சிறுவன் தன் தகப்பனோடு காடுகரைகளில் ஓடி ஒளிகிறான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் விடியற்காலையில் ஒருவர் சாலையோரம் ஓடிக்கொண்டிருந்தால் எதிர்ப்படுகிறவர்கள் காரணம் கேட்பார்கள். ஓடுகிறவர் இளைஞர் என்றால் 'போலீஸ் செலக்சனா தம்பி?' நாற்பதைக் கடந்தவர் என்றால் 'சுகரா சார்?' இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று நம் ஊர் எண்ணுவதில்லை. ஓட்டத்தைத் தேர்வாகவும் மருந்தாகவும் மட்டுமே பார்க்கும் இந்த மனப்பான்மைதான் ஓட வந்தவரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடவைக்கிறது. சில வாரங்களிலேயே ஓட்டத்தை விட்டுவிடவும் செய்கிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் முன்னேற விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது மெதுவாக ஓடுவதற்கு என்பது என் துணிபு.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களைக் கவனியுங்கள். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அதற்காகப் பள்ளி மைதானத்திலும் கண்மாய்க் கரையிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாள்தோறும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களுக்குத் தேர்வு நாள்தான். பயிற்சி நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி கண்டு சிலர் தேர்வுக்கு முன்பே முடங்கிவிடுகிறார்கள். தேர்ச்சி பெற்றவர் வேலைக்குப் போய் ஓட்டத்தை நிறுத்துகிறார். பெறாதவர் மனம் வெறுத்து நிறுத்துகிறார். இரு தரப்பாருக்கும் ஓட்டம் ஒரு கதவு. கதவைத் தாண்டிய பிறகு அதை யார் நினைக்கப் போகிறார்கள்?

ஆண்டுக்கொரு முறை நடத்தப்படும் 'மினி மாரத்தான்' என்ற சடங்கும் இதே வகைதான். பனியன் கொடுப்பார்கள், பிரமுகர் கொடியசைப்பார், முந்திய நாள்வரை ஓடியறியாத பிள்ளைகள் முதல் அரைக் கிலோமீட்டரில் பாய்ந்து, இரண்டாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 'ஓட்டம் நமக்கு வராது' என்ற பாடத்தோடு வீடு திரும்புவார்கள். விழிப்புணர்வுக்காக நடக்கும் ஓட்டம், ஓட்டத்தைப் பற்றிய தவறான விழிப்பைத்தான் தருகிறது.

மெதுவாக ஓடுவது முதியோருக்கும் நோயாளிக்கும் உரியது என்று நினைப்பவர்கள் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டை அறிந்துகொள்ள வேண்டும். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இந்தப் பயிற்சியாளர், தம்மிடம் வந்தவர்களை வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்தார். அதில் பெரும்பகுதி நிதானமான ஓட்டம். வெறும் 800 மீட்டர் பந்தயத்துக்குரிய பீட்டர் ஸ்நெல்கூட ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஓடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். அதே லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்து நகரில் நடுவயதினரையும் இதயநோய் கண்டவர்களையும் சேர்த்து மெல்லோட்டக் குழு ஒன்றை உருவாக்கினார். இதய நோயாளிக்குப் படுக்கை ஓய்வே மருந்து என்று கருதப்பட்ட காலம் அது. அங்கே விருந்தினராக வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தம்மைவிட மிக மூத்த ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிய பிறகே மெல்லோட்டத்தின் பிரசாரகர் ஆனார்.

பிற்கால ஆய்வுகளும் இதையே காட்டின. உலகத்தரமான நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியைத் தொகுத்துப் பார்த்த உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர், அவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காடு பயிற்சியை எளிய வேகத்திலேயே செய்வதைக் கண்டார். காரணம் விளங்காததன்று. நிதானமாக நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது. இவை அவசரத்தில் நடப்பவை அல்ல. மேலும், மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும்; எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் காயப்படுகிறார்கள்.

'இந்த வெயிலில் நெடுந்தொலைவாவது, ஓட்டமாவது' என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் விடை. நம்மைப் போலவே வறண்ட அந்த மண்ணிலிருந்து வந்த எல். சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலும், ஜி. லட்சுமணன் 2017 புவனேசுவர் ஆசியத் தடகளப் போட்டியிலும் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்கள். நம்மில் எவரும் பதக்கத்துக்காக ஓடப் போவதில்லை. வெயில் ஒரு தடை, தடை மட்டுமே என்று அறிந்துகொண்டால் போதும்.

அப்படியானால் எப்படித் தொடங்குவது? இந்த ஓரிடத்தில் நம் மொழி ஓட்டத்துக்கு நல்வழி காட்டுகிறது. 'ஓட்டமும் நடையுமாக வந்தான்' என்கிறோமே, அதுவே பயிற்சித் திட்டம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, புதியவர்களுக்கு இதையேதான் ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிடம் ஓடுங்கள், ஒரு நிமிடம் நடங்கள். இப்படி இருபது நிமிடம், ஒன்றுவிட்டு ஒரு நாள். களைத்த பிறகு நடப்பதல்ல, களைக்கும் முன்பே நடப்பது இதன் சூட்சுமம். இரண்டு மூன்று வாரங்களுக்கொரு முறை ஓட்டத்தைச் சிறிது நீட்டிக்கொண்டே போனால், மூன்று நான்கு மாதங்களில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட முடியும். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உடையவர்கள் மருத்துவரைக் கண்ட பிறகே தொடங்க வேண்டும்.

வேகத்தை அளக்கக் கடிகாரம் தேவையில்லை, வாயே போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். தனியாக ஓடும் தமிழாசிரியர் ஒரு வெண்பாவைச் சொல்லிப் பார்க்கலாம். அடிக்கொரு மூச்சில் நான்கடியும் சீர் பிறழாமல் வந்தால் வேகம் சரி. சீருக்குச் சீர் மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். தம்மைக் கடந்து செல்லும் இளைஞனைத் துரத்தும் ஆசையை அடக்குவதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி.

ஏற்கெனவே ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் 'மேற்கொண்டு முன்னேறவில்லையே' என்று வருந்துவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுகிறவர்களாக இருப்பார்கள். ஓய்வுக்கு அதிகம், பயிற்சிக்குக் குறைவு என்று இரண்டும் கெட்டான் வேகம். வாரத்தில் ஐந்து நாள் ஓடினால் நான்கு நாளை உண்மையாகவே மெதுவாக்குங்கள். அவற்றுள் ஒன்று, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், மற்ற நாள்களைவிட நீண்டதாக இருக்கட்டும். மீதமுள்ள ஒரு நாளில் மூன்று நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் மெதுவோட்டம் என ஐந்து முறை ஓடுங்கள். மூன்று வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துவிடுங்கள். நிலத்துக்குத் தரிசு விடுவது போன்றதே உடலுக்கு ஓய்வு. கரிசல்காட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் மண்ணுக்கென்று சில உண்டு. பங்குனி, சித்திரையில் விடியுமுன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். வெக்கையில் உடல் தன்னைக் குளிர்விக்கக் குருதியைத் தோலுக்கு அனுப்புவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். உடல் அதற்குப் பழக இரண்டு வாரம் பிடிக்கும். தலைசுற்றலும் தடுமாற்றமும் தோன்றினால் அக்கணமே நிழலுக்குச் சென்று உடம்பை நனைக்க வேண்டும். வியர்வையில் போனதை ஈடுசெய்ய உப்பிட்ட மோரும் நீராகாரமும் போதும். சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கினால் காலணிக்குக் கீழே இன்னொரு காலணி முளைக்கும். கோடையிலோ சீமைக்கருவேல முள் எந்த அடித்தட்டையும் துளைக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலை வீட்டிலிருப்பதே நுரையீரலுக்கு நல்லது.

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்தப் பட்டாசு வட்டாரத்தில் ஓட்டத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஆலை வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர், தீப்பிடித்ததைக் கண்டு அதை நோக்கி ஓடிவந்து அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் எதற்காக? ஆபத்தில் மனிதர் ஓட முடிய வேண்டும் என்பதற்காக. அறையில் ஆளை அடைக்கும் ஒவ்வொரு விதிமீறலும் அந்த ஓட்டத்தைப் பறிப்பதாகும்.

இன்னொரு பறிப்பும் நடந்திருக்கிறது. சிவகாசியின் குழந்தைத் தொழில் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது 1996-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருட்டோடு ஆலை வண்டியில் ஏறி, நாள் முழுதும் உட்கார்ந்த இடத்தில் தீப்பெட்டி அடைத்த சிறுமிகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தொட்ட பெண்கள். எங்கள் வகுப்பறைகளில் இருக்கும் மாணவிகள் பலரின் தாய்மார்கள். ஓட வேண்டிய வயதில் உட்காரவைக்கப்பட்ட தலைமுறை அது. அவர்களிடம் போய் 'ஆரோக்கியத்துக்காக ஓடுங்கள்' என்பது அறமாகாது. ஓய்வு நேரம் உடையவருக்கே பொழுதுபோக்கு ஓட்டம் வாய்க்கும். அந்த ஓய்வு கூலியோடும் வேலை நேரத்தோடும் பிணைந்தது.

ஆனால் அவர்களுடைய மகள்களுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூப்பெய்திய பிறகு ஓட்டத்தை நிறுத்திக்கொண்ட பெண்களால் கல்லூரிகள் நிரம்பியிருக்கின்றன. அவர்களைக் கண்மாய்க் கரையில் தனியாக ஓடச் சொல்ல முடியாது. ஓடினால் என்ன பெயர் வைப்பார்கள் என்பது தொடக்கத்தில் சொன்ன சொற்பட்டியலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரி மைதானத்தையும் காலை ஐந்து முதல் ஏழு மணிவரை ஊருக்குத் திறந்துவிடலாம். நான்கு விளக்குகள், ஒரு குடிநீர்க் குழாய், பெண்களுக்கு ஒரு கழிப்பறை, ஒரு காவலர் போதும். பரிசு வேண்டாம், பனியன் வேண்டாம், கொடியசைக்கப் பிரமுகரும் வேண்டாம். ஒரு நாள் மினி மாரத்தானுக்கு ஆகும் செலவில் விளக்கெரிக்கும் செலவுக்காவது வழி பிறக்கும்.

தப்பிப்பதற்கும் பிழைப்பதற்கும் போதுமான அளவு ஓடிய மண் இது. யாரும் துரத்தாமல், எதையும் துரத்தாமல், பேசிக்கொண்டே நான்கு சுற்று ஓடிவிட்டு வீடு திரும்பும் பெண்ணிடம் 'எதற்கு ஓடுகிறாய்?' என்று எவரும் கேட்காத நாள் வந்தால், ஓடுதல் என்ற வினைக்கும் தமிழில் ஒரு நல்ல பொருள் சேர்ந்துவிடும்.