உச்சந்தலைச் சுழியும் உள்ளங்கை ரேகையும்

பிப்ரவரியில் எங்கள் நாக்பூர் காலனியில் ஒரு குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். குழந்தையின் கையை விரித்துப் பார்த்த ஒரு மாமி, "இதென்ன, ஒரே ரேகை குறுக்கே ஓடறதே! இப்படி இருந்தா புத்தி வளராதாமே" என்றார். அன்று இரவு அந்தத் தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

மாமி சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த ஒற்றை ரேகை உண்டு. 1968ல் அமெரிக்காவில் மேரி வால்ட்ராப் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும், தாழ்ந்த காது, வளைந்த சுண்டுவிரல், தலைச் சுழி என்று பட்டியலிட்டு, இவை மிகுந்த குழந்தைகளிடம் அடங்காத துறுதுறுப்பும் மிகுந்திருப்பதாக எழுதினார்கள். மனச்சிதைவு நோயாளிகளிடமும் இத்தகைய அடையாளங்கள் சராசரியாக அதிகம். கருவில் மேல்தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. தொடக்க மாதங்களில் நேரும் கோளாறு இரண்டிலும் தடம் விடலாம்.

ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. நான் டாக்டர் அல்ல, டிப்ளமா படித்த ரயில்வேக்காரன். கணக்கு மட்டும் போடுகிறேன். பத்தாயிரம் குழந்தைகளில் டவுன் சிண்ட்ரோம் சுமார் பத்துப் பேருக்கு. அவர்களில் ஒற்றை ரேகை ஐந்து பேருக்கு. மற்றக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று என்று குறைத்தே வைத்தாலும் அதே ரேகை நூறு பேருக்கு! எனக்கே உச்சந்தலையில் இரட்டைச் சுழி. இரண்டு கல்யாணம் நிச்சயம் என்றார்கள்; நாற்பது வருஷமாக ஒரே மனைவிதான்.

வண்டிச் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். ஓசை மாறினால் 'சிக்' என்று எழுதி ஒதுக்குவோம். தட்டியவனே அதைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவதில்லை. அதற்கு மேல் சோதனை உண்டு. குழந்தையிடம் பல அடையாளங்கள் சேர்ந்திருந்தாலோ, தலை நிற்பதும் திரும்பிப் பார்ப்பதும் தாமதித்தாலோ, டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்றே முடிவானாலும் இதயத்தையும் காதையும் உடனே சோதிக்கலாம்; அதனால் பலன் உண்டு. சந்தேகம் தோன்றினால் தகப்பனைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பந்தியில் வைத்துச் சொல்லாதீர்கள்.

அந்தக் குழந்தையை டாக்டர் முழுக்கப் பார்த்துவிட்டு, ரேகையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் கோயிலுக்கு வரும்போது அந்தப் பெண் குழந்தையின் கைகளுக்கு உறை மாட்டித்தான் தூக்கி வருகிறாள், நாக்பூர் ஏப்ரல் வெயிலில்.