அவசரக் கருத்தடை மாத்திரை கடையில் ஏன் இல்லை?



கருத்தடை மாத்திரைகளில் மருத்துவர் சீட்டு வேண்டியவையும் உண்டு, வேண்டாதவையும் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரலும் எத்தினைல் எஸ்ட்ராடையாலும் குறைந்த அளவில் கலந்த மாலா-டி போன்ற தினசரி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்க மத்திய மருந்து விதிகளின் 'கே' அட்டவணை இடம் தருகிறது. இதே கலவை மாலா-என் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 'சஹேலி' என்று விற்பனைக்கு வந்த ஹார்மோன் அல்லாத மாத்திரையும் சீட்டு வேண்டாத வகைதான். சைப்ரோடெரோன், ட்ரோஸ்பைரெனோன் சேர்ந்தவற்றுக்குச் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் தினசரி மாத்திரை ஒன்றைச் சீட்டின்றி விற்க 2023 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. இந்திய விதி அதற்கு வெகு முன்பே இணங்கிவிட்டது.

சீட்டு வேண்டாம் என்பதால் யாரும் விழுங்கலாம் என்றாகாது. எஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை ரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், ரத்தம் உறையும் தொல்லை வந்தவர்களுக்கும், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், குழந்தை பெற்ற முதல் மாதங்களில் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆகாது. தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம்.

அவசரக் கருத்தடை மாத்திரையில் எஸ்ட்ரோஜன் இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. உண்டான கருவை அது கலைக்காது. கருவைக் கலைப்பவை மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றுக்கு மருத்துவரும் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் குறுக்கே நிற்பது சரியே. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டதும், ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற பயமும் சேர்ந்துதான் இந்த மாத்திரையைத் தமிழ்நாட்டுக் கடைகளிலிருந்து விரட்டின.

2005 முதல் நாட்டில் சீட்டின்றி விற்கத்தக்க இந்த மாத்திரை, புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி எனத் தமிழகத்தின் எந்த ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. "அது வர்றதில்லைங்க" என்பதே பதில். தடை எதுவும் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். தடை இல்லாத மருந்தைக் கடைக்காரர் வாங்கி வைக்கத் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்துக்கு அரசின் மௌனமே பொறுப்பு.

அரசு நிலையங்களில் இது கிடைக்குமே என்பது பதிலாகாது. கிராம சுகாதார செவிலியர் குடும்பத்தையே அறிந்தவர். அவர் வைத்திருப்பது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மணமாகாத பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. வன்முறைக்கு ஆளானவளுக்கும், ஆணுறை கிழிந்துபோன தம்பதிக்கும் அந்த மூன்று நாள்தான் கெடு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டை மாவட்டம் இது. அவர் பெயரில் மகப்பேற்றுக்கு நிதி தரும் அரசு, வேண்டாத கருவைத் தவிர்க்கும் வழியைக் கடையில் திறந்து வைக்காதிருப்பது பெரும் அநியாயம்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒவ்வொரு மாவட்டத்தின் கடைகளுக்கும் இதை விற்கலாம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அன்று, தினசரி மாத்திரைக்கு மாற்றும் அன்று, அடிக்கடி தேவைப்பட்டால் மாலா-என் அல்லது காப்பர்-டி நாட வேண்டும் என்ற குறிப்பைத் தமிழில் அச்சிட்டு மாத்திரையோடு தர வேண்டும்.

— ஒரு வாசகர், அறந்தாங்கி