சொந்த நிலமும் சக்கர வீடும்

ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து நிலம் வாங்குகின்றான். அந்நிலத்திலே தன் சொந்த வண்டியை நிறுத்தி அதனுள்ளே துயில்கின்றான். இதனைக் குற்றமெனக் கூற யாருக்கு உரிமை உண்டு? இவ்வினா இற்றைநாள் ஐக்கிய அமெரிக்காவின் மலைநாட்டு ஊர்கள் பலவற்றில் ஆட்சி மன்றங்களின் அமைதியைக் குலைத்து வருகின்றது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது விடுமுறைக் காலத்தில் மலையேறுவோரைப் பற்றிய சிறு வழக்காகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், நிலவுடைமை என்பது யாது, வீடு என்பது யாது, உழைப்பவனுக்கு உறைவிடம் காணும் கடன் யாரது என்னும் மூன்று பெருவினாக்கள் இதனுள் அடங்கிக் கிடத்தல் புலனாகும்.

ஈண்டுப் பேசப்படும் வண்டி யாதென முதலிற் கூறுதல் வேண்டும். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மலசலகூடம் ஆகியன ஒருங்கே அமைந்த சக்கர வீடு அது. தானே ஓடுவதும் உண்டு. வேறொரு மோட்டார் வண்டியால் இழுக்கப்படுவதும் உண்டு. அமெரிக்கர் அதனை 'ஆர்.வி.' என்பர், நம்மவர் 'கரவன்' என்ற பெயரால் அறிவர். அந்நாட்டு மத்திய அரசின் விதியொன்று, 400 சதுர அடிக்கு மேற்படாததாயும், நிலையான குடியிருப்புக்கன்றி உல்லாசப் பயணத்துக்கும் பருவகாலத் தங்கலுக்குமென ஆக்கப்பட்டதாயும் உள்ள வண்டியையே இவ்வகையிற் சேர்க்கின்றது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது வாகனமேயன்றி வீடு அன்று. சிக்கலின் வித்து இவ்வரையறையிலேயே கிடக்கின்றது.

கொலறாடோ மாநிலத்திலுள்ள லெட்வில் என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடல் மட்டத்துக்கு 10,150 அடிக்கு மேலே அமைந்த ஊர் அது. நம் பிதுருதலாகலைச் சிகரத்தின் உச்சியினும் அவ்வூரின் தெருக்கள் ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் உள்ளன என்றால் அதன் நிலையை வாசகர் உய்த்துணரலாம். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,600 பேர். 1860இல் பொன்னுக்காகவும், 1870களின் இறுதியில் வெள்ளிக்காகவும் மக்கள் அங்கே திரண்டனர். 1893இல் வெள்ளியின் விலை வீழ ஊரும் வீழ்ந்தது. பின்னர் மொலிப்டினம் என்னும் உலோகத்தை அகழ்ந்த கிளைமாக்ஸ் சுரங்கம் ஊரைத் தாங்கியது. அதுவும் 1980களிலே தளர்ந்து, பின்னர் மூடுண்டு, 2012இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அவ்வூரார் பலர் கணவாய்களைக் கடந்து, வேய்ல், பிறெக்கென்ரிட்ஜ் முதலிய பனிச்சறுக்கு நகரங்களுக்கு நாடோறும் வேலைக்குச் செல்கின்றனர்.

அம்மலைகளிலே தனியார் நிலம் அமைந்த வகையும் அறியத்தக்கது. 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கனிப்பொருள் கண்டவன் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் கொண்ட துண்டொன்றைக் கோர இடமளித்தது. ஏக்கருக்கு 5 டொலர் செலுத்தி அதற்கு முழு உறுதியும் பெற முடிந்தது. 1994 முதல் உறுதிக்கான புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை. எனினும் முன்னர் வழங்கப்பட்டவை அரசாங்கக் காடுகளின் நடுவே ஏறத்தாழ இருபது இருபது ஏக்கர்த் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. கனி தீர்ந்த பின் அவை கைமாறின. இன்று அவற்றை வாங்குவோர் பலர் வீடு கட்டும் வசதி இல்லாதவர்; வண்டியோடு வந்து சேர்பவர்.

அயலிலுள்ள தேசியக் காடுகளில் ஓரிடத்திற் பொதுவாக 14 நாள் வரை கூடாரமிட்டுத் தங்கலாம். அதன்மேல் எழுந்து செல்லல் வேண்டும். சொந்த நிலமாயின் இவ்வெல்லை இல்லையெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. நிலத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என வலயம் வகுத்து விதி செய்யும் அதிகாரம் ஊராட்சிகளுக்கு உண்டென அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1926ஆம் ஆண்டின் யூக்ளிட் வழக்கிலே தீர்த்துவிட்டது. அவ்வதிகாரத்தைக் கொண்டு மலைநாட்டுக் கவுண்டிகள், அதாவது மாவட்ட ஆட்சிகள், தத்தம் விதிகளை வகுத்துள்ளன. சில, ஆண்டில் இத்தனை நாள் மட்டுமே வண்டியிற் படுக்கலாம் என்கின்றன. சில, அனுமதிச் சீட்டுக் கேட்கின்றன. சில, கழிவுக்குழி அமைத்த பின்னரே தங்கலாம் என்கின்றன.

இவ்விதிகளுக்கு உட்படுவோர் ஒரு வகையினர் அல்லர். தன் நிலத்திற் கோடையின் சில வாரங்களைக் கழிக்க வருபவன் முதல் வகை. நிலவுடைமையாளனுக்குக் கூலி கொடுத்து இரண்டோர் இரவு தங்கும் பயணி இரண்டாம் வகை; 2013இலே தொடங்கப்பட்ட ஹிப்காம்ப் போன்ற நிறுவனங்கள் இத்தகைய தங்கலை ஒரு வணிகமாக்கியுள்ளன. வாடகை கொடுக்க இயலாமையால் வண்டியையே வீடாகக் கொண்ட தொழிலாளி மூன்றாம் வகை. முதல் இருவர்க்கும் விதி இடையூறு. மூன்றாமவனுக்கோ அது வாழ்வா தெருவா என்னும் வினா.

விதி செய்வோர் கூறும் காரணங்கள் வெறும் சாக்கு அல்ல. லெட்வில்லின் அயலிலேதான் ஆர்கன்சோ ஆறு பிறக்கின்றது. ஊற்றுக்கண்ணில் விடப்படும் கழிவு கீழுள்ள ஊர்களின் குடிநீரைச் சென்றடையும். வண்டியின் கழிவுத்தொட்டி சில நாளில் நிரம்பிவிடும். அதனை உரிய நிலையத்திற் கொண்டுபோய் வெறுமையாக்காதவன் எங்கே கொட்டுவான்? இனி, அவ்வுயரத்திலே நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசிற் கொதிக்கும். காற்றழுத்தம் குறைந்து ஒட்சிசன் அருகுவதால் மின்பிறப்பாக்கியின் ஆற்றல் நூற்றுக்கு முப்பது அளவு குன்றும். வாயு அடுப்பும் செவ்வையாக எரியாது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த வண்டியினுள்ளே காபனோரொட்சைட்டு நிறையின் துயின்றவன் எழான். மாரியில் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கும். பனி மூடிய தனியார் பாதையில் நோயாளர் வண்டி வந்து சேராது.

தீயின் அச்சம் இவை எல்லாவற்றினும் பெரிது. 2018 யூன் மாதத்திலே தென் கொலறாடோவின் கொஸ்டில்லா கவுண்டியில் எழுந்த ஸ்பிரிங் கிறீக் தீ 1,08,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தனியார் நிலத்தில் மூட்டப்பட்ட அடுப்புத் தீயே அதற்குக் காரணமென அதிகாரிகள் குற்றஞ்சாட்டினர். ஒருவனின் சொந்த நிலத்து நெருப்பு அவன் வேலியோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே கவுண்டியிலேதான் 1970கள் முதல் ஐந்து ஐந்து ஏக்கராகப் பிரிக்கப்பட்ட வறண்ட நிலங்கள் மலிவாக விற்கப்பட்டன. வாங்கியோரிற் பலர் ஏழைகள். 2015ஆம் ஆண்டளவில் கழிவுக்குழியின்றி அந்நிலங்களில் வதிந்தோருக்கும் ஆட்சியினருக்கும் கடும் பிணக்கு மூண்டது. நிலத்தை விற்கும்போது வாய் திறவாத ஆட்சி, குடியேறிய பின் வந்து எழுப்புவது முறையோ என அவர்கள் கேட்டனர். அக்கேள்வியிலும் நியாயம் உண்டு.

மறுபுறத்தையும் நோக்குவோம். பனிச்சறுக்கு நகரங்களிலே வீடுகள் பல, செல்வரின் இரண்டாம் மனைகளாக ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. அல்லது நாட் கூலிக்குப் பயணிகளுக்கு விடப்படுகின்றன. உணவகத்திற் கலம் கழுவுவோனுக்கும், பள்ளியிற் பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கும் அங்கே அறையொன்று கிடைத்தல் அரிது. 2021 யூன் மாதத்தில் கிறெஸ்டட் பியூட் என்னும் மலையூரின் மன்றம் உறைவிட நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்யுமளவுக்கு இடர் முற்றியது. 2024இலோ, பொது இடத்திற் கூடாரமிட்டுத் துயில்வோரைத் தண்டித்தல் அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனை ஆகாதென உயர்நீதிமன்றம் கிறான்ட்ஸ் பாஸ் வழக்கிலே தீர்ப்பளித்தது. பொதுநிலத்தில் துயின்றால் தண்டனை, தனிநிலத்தில் துயின்றால் விதிமீறல் எனின், நகருக்குத் தன் உழைப்பைத் தருபவன் இரவில் எங்கே தலை சாய்ப்பான்?

ஈண்டு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். லெட்வில்லின் கலிபோர்னியா பள்ளத்தாக்கிலே பழைய சுரங்க முதலாளிகள் தம் சொந்த நிலத்தில் விட்டுச்சென்ற கழிவிலிருந்து ஈயமும் நாகமும் கட்மியமும் கசிந்து ஆற்றைக் கெடுத்தன. 1983இல் மத்திய அரசு அவ்விடத்தை நச்சுக் கழிவிடங்களின் தேசியப் பட்டியலிற் சேர்த்தது. அதனைத் தூய்மை செய்யும் பணி பல்லாண்டுகள் நீண்டது. இவ்வரலாறு இரு பாடங்களைப் புகட்டுகின்றது. 'என் நிலம், என் விருப்பம்' என்னும் கூற்று ஆற்றின்முன் நில்லாது என்பது ஒன்று. மலைபோற் கழிவு குவித்தோரை நெடுங்காலம் பொறுத்த சமுதாயம், ஒரு தொட்டிக் கழிவுடையானை ஒரே நாளில் விரட்டுதல் நடுநிலை ஆகாது என்பது மற்றொன்று.

பல்லாண்டு சொல்லும் பொருளும் கற்பித்து வருபவன் ஆதலின், இப்பிணக்கின் வேர் சொல்லிலேயே உளது எனக் கருதுகின்றேன். தங்குதல் வேறு, குடியிருத்தல் வேறு. தங்குவோன் போய்விடுவான் என்னும் துணிவிலே அவனுக்கு ஊர் எதனையும் செய்ய வேண்டுவதில்லை. குடியிருப்போனுக்கோ நீரும் வழியும் பள்ளியும் மருந்தும் ஊர் அளித்தல் வேண்டும். சக்கரம் உள்ளது என்னும் ஒரே காரணத்தால், ஆண்டுக்கணக்காகத் தம் ஊரில் உழைப்பவனையும் தங்குவோன் என்றே பெயரிட்டு அக்கடனிலிருந்து ஊர் தப்ப முயல்கின்றது. அவனும் அப்பெயரை ஏற்றுக்கொண்டு, குடியிருப்போனுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து தப்ப முயல்கின்றான். இருவரும் ஒரே சொல்லின் பின்னே ஒளிகின்றனர்.

ஆகவே விதி வண்டியின் சக்கரத்தையும் நாட்கணக்கையும் மட்டும் நோக்குதல் போதாது. கழிவு எங்கே செல்கின்றது, நீர் எங்கிருந்து வருகின்றது, நெருப்பு எவ்வாறு காக்கப்படுகின்றது, மாரியில் உதவி வந்தெய்த வழி உளதா என்னும் நான்கையும் நோக்கியே அது அனுமதிக்கவும் மறுக்கவும் வேண்டும். இந்நான்கையும் நிறைவு செய்தவனை நாட்கணக்கு காட்டித் துரத்தலாகாது; நிறைவு செய்யாதவன் நிலத்துக்கு உறுதி காட்டினும் விடலாகாது. கழிவகற்றும் நிலையமும் நீர்க்குழாயும் மலிவான கட்டணத்தில் ஊரே அமைத்தல் வேண்டும். தொழிலாளரின் உழைப்பாற் பொருளீட்டும் விடுதிகளும் பனிச்சறுக்கு நிறுவனங்களும் அச்செலவிற் பங்கேற்றல் அறம். இது வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கும் மருந்தன்று. தீரும் வரையில் ஒருவனைக் குற்றவாளியாக்காமற் காக்கும் வழி மட்டுமே.

நம் மொழியில் வீடு என்னும் சொல், விடு என்னும் வினையடியாகப் பிறந்தது. பகற்பாரத்தை விட்டு அச்சமின்றி இருக்குமிடம் எதுவோ அதுவே வீடு. அதிகாரி வந்து கதவைத் தட்டுவானோ என அஞ்சித் துயில்பவனுக்குக் கல்லாற் கட்டிய மாளிகையும் வீடாகாது. லெட்வில்லின் பனிவெளியிலே தன் நிலத்தில் நிற்கும் வண்டியொன்றில் இரவு கழிக்கும் தொழிலாளிக்கு அவ்வச்சத்தை நீக்குதலும், அவனால் அயலார்க்கும் ஆற்றுக்கும் வரக்கூடிய அச்சத்தை நீக்குதலும் ஒரே விதியின் இரு கடன்களாம். ஒன்றை மட்டும் செய்யும் விதி அரைவிதியே.