கயிறுதானே என்று கேட்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் கீழே எழுதுங்கள், டீச்சர் வருத்தப்பட மாட்டேன்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டிலிருந்தபடியே மேக்ரமே செய்து விற்கிறாள். பருத்திக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, சுவரில் மாட்டவும் பூந்தொட்டி தொங்கவிடவும் செய்வார்களே, அதுதான். கூடத்துக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்து மாட்டினாள். எல்லாரும் அழகு, அழகு என்றார்கள். 900 ரூபாய் என்றதும் வீட்டுக்காரம்மா, "கயிறுதானேம்மா, 400 வாங்கிக்க" என்றார். பேசிப் பேசி 500-ல் முடிந்தது. யார் வீடு என்று சொல்ல மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

அந்தப் பெண் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். விசேஷ வீட்டில் எதற்கு வம்பு என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கயிறும் மேலே கட்டும் கம்பும் 300 ரூபாய். வேலை 9 மணி நேரம். 900 கொடுத்திருந்தால் அவளுக்கு நின்றிருப்பது 600, அதாவது ஒரு நாள் கூலி. 500 கொடுத்ததால் கிடைத்தது 200. மணிக்கு 22 ரூபாய்! கட்டுமான வேலைக்கு வந்த சித்தாளுக்கு இப்படிக் கொடுத்தால் மறுநாள் வருவாரா?

"முடிச்சுப் போட என்ன படிப்பு வேண்டும்?" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேக்ரமேயில் அடிப்படை சதுர முடிச்சு. நான்கு கயிறு. நடு இரண்டும் அசையாமல் நிற்கும், ஓர இரண்டும் வேலை செய்யும். ஒரு தடவை இடமிருந்து, அடுத்த தடவை வலமிருந்து என்று மாற்றிப் போட்டால் பட்டையாக வரும். மாற்றாமல் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் தானாகவே முறுக்கிக்கொண்டு திருகாணி போலச் சுழலும். இரண்டாக மடித்துத் தொங்கவிடும் கயிற்றை, முடிக்க வேண்டிய நீளத்தைப் போல 8 மடங்கு வெட்ட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. குறைத்து வெட்டினால் பாதியில் ஒட்டுப்போடுவது சுலபமில்லை. இது கணக்கு இல்லையா, வடிவியல் இல்லையா?

பெயர்தான் வெளிநாட்டுப் பெயர். நம் பாட்டி அடுக்களையில் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிர்ப்பானையைத் தொங்கவிட்ட உறி வேறென்ன? அதில் பானைக்குப் பதில் மணிபிளான்ட் வைத்தால் மேக்ரமே. 80-களில் நம் தெருவில் திண்ணைக்குத் திண்ணை வயர்கூடை போட்டோமே, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று, அதுவும் இதன் உறவுதான். பூக்கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைநாரை இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் பூ உதிர்ந்துவிடும். அந்தப் பதம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இவ்வளவு தெரிந்த நாம் ஏன் "கயிறுதானே" என்கிறோம்? என் கருத்து இதுதான்: அதை நமக்குப் பள்ளிக்கூடமே கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் 1980-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அங்கே தையலும் தக்ளியில் நூல் நூற்பதும் எங்களுக்குப் பாடம். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடத்தையும் சொல்லித் தர வேண்டும் என்று காந்தி 1937-லேயே வார்தாவில் சொன்னதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். வேலைக்கு வந்த பிறகு? வாரத்தில் இரண்டு கைவேலைப் பீரியட் வரும். "போர்ஷன் முடியவில்லை" என்று அதை வாங்கிக் கணக்குப் போட்டேன். ஆண்டுத் தேர்வு நெருங்கினால் கேட்கவே வேண்டாம். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் கடற்கரைத் தெருப் பையன் ஒருவன். பின்னக் கணக்கில் தடுமாறுவான், அடிக்கடி பெஞ்சு மேல் நிற்க வைப்பேன். ஒருநாள் விளையாட்டு வலை கிழிந்துவிட்டது. அவன் வீட்டுக்கு ஓடிப்போய் வலை ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்தான். விரலையே அளவாக வைத்து, ஒரு கண்ணும் பெரிதாகாமல் சிறிதாகாமல் அரைமணி நேரத்தில் பின்னிவிட்டான். நான் "நல்லது, போய்க் கணக்கை எழுது" என்றேன். அந்த வலைக்கண்களை வைத்தே அவனுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2012-ல் நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கைவேலையைச் சொல்லித் தருபவருக்கே அந்த மரியாதை என்றால், செய்பவருக்கு எங்கிருந்து வரும்?

இதில் ஒரு வேடிக்கை. 1973-ல் தொடங்கிய தமிழக அரசின் கைத்திறத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கடைகளுக்கு நம் ஊர்ப் பெயர்தான், பூம்புகார். அங்கே போய்ச் சுவாமிமலை ஐம்பொன் சிலையை, தஞ்சாவூர்த் தட்டை ஒட்டியிருக்கும் விலைக்கு வாங்குகிறோம். "உலோகம்தானே" என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தெருப் பெண் கொண்டுவந்தால் மட்டும் கயிறாகிவிடுகிறது.

பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை அதிகமாகத் தோன்றினால் வாங்காமல் இருங்கள், அல்லது சின்னதாக ஒன்று கேளுங்கள். கேட்டுச் செய்யச் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் வைத்துக் குறைக்காதீர்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கைவேலைப் பீரியடைத் தொடாதீர்கள். போர்ஷன் எப்படியும் முடிந்துவிடும்.

நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மீதி 400 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "காசு வேண்டாம் டீச்சர், அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாததை இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

என் வீட்டு வாசலுக்கு ஒரு தொங்கல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், முழு விலைக்கு. வேண்டுபவர்கள் கீழே எழுதுங்கள், அவளிடம் கேட்டு நம்பர் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்